உடன்பாடின்றிப் பிரிதலும் ஊவாத் தோட்டத் தமிழரும்

ஒரு நாடு தான் சேர்ந்திருந்த அரசியற் பிணைப்பைவிட்டு நீங்குங்கால், நீங்கும் முறையை முன்னரே உடன்படிக்கையாய் எழுதிக்கொள்ளல் வேண்டுமா, அன்றி முதலில் நீங்கிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாமா? 2019 ஆம் ஆண்டிலே, ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவது குறித்துப் பிரித்தானியப் பாராளுமன்றம் பன்முறை விவாதித்த வினா இது. இதற்கு விடை தேடக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளே தக்க சான்று பகரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கங்காணிமார் வழியாக அழைத்துவரப்பட்டனர். பசறை, நமுனுகுல, அப்புத்தளை, தெமோதரை ஆகிய இடங்களின் லயங்களிலே குடியேறினர். அக்காலத்து இந்தியாவும் இலங்கையும் தனித்தனி ஆட்சிகளாயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அப்பிணைப்பு மக்கள் விரும்பி ஏற்றதன்று. ஆயினும் இருகரையிலும் தொழிலாளி பிரித்தானிய முடியின் குடியாகவே கருதப்பட்டான். அம்முடியின் ஆட்சி நீங்கும்போது அவன் எந்நாட்டவன் என்பதை யாரேனும் தீர்மானித்தாக வேண்டியிருந்தது.

தீர்மானிக்கும் முயற்சிகள் நிகழாமலில்லை. 1940 இல் டில்லியிலும் 1941 இல் கொழும்பிலும் இருநாட்டுப் பிரதிநிதிகள் பேசினர். 1941 இல் உருவான இணக்கம் நடைமுறைக்கு வரவில்லை. 1947 டிசம்பரில் நேருவும் டி. எஸ். சேனநாயக்கவும் டில்லியிற் சந்தித்தனர். அதனைத் தொடர்ந்த கடிதப் போக்குவரத்தும் முடிவு காணவில்லை. இதற்கிடையே 1948 பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது.

ஈண்டு ஒன்றை உற்றுநோக்கல் வேண்டும். இலங்கை யாதோர் உடன்படிக்கையுமின்றிப் பேரரசை நீங்கவில்லை. 1947 நவம்பர் 11 ஆம் நாள் பிரித்தானியாவுடன் மூன்று உடன்படிக்கைகள் செய்துகொள்ளப்பட்டன. ஒன்று பாதுகாப்பு, மற்றொன்று வெளிநாட்டுறவு, மூன்றாவது அரசாங்க உத்தியோகத்தரின் உரிமைகள் பற்றியவை. உத்தியோகத்தரின் ஓய்வூதியத்துக்குக்கூட எழுத்திற் காப்பிருந்தது. கொழுந்து பறித்த கைகளுக்கு எழுத்திலே ஒரு வரியும் இல்லை.

இருதரப்பு நியாயங்களையும் நடுநின்று நோக்குதல் முறை. தன் பிரசைகள் யாவர் என்பதைத் தானே வரையறுப்பது சுதந்திர நாட்டின் உரிமை என்றது கொழும்பு. 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் நிலமிழந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவர், தோட்டத்து வாக்குகளால் தம் குரலும் அமிழ்ந்துவிடும் என அஞ்சியதும் உண்மை. இலங்கையையே வாழிடமாகக் கொண்டவரை இலங்கையே ஏற்க வேண்டுமென்றது டில்லி. இரண்டும் கொள்கையளவிற் பொருளுடையனவே. ஆனால் இரண்டிற்கும் இடையே நின்றவனைப் பேச்சு முறிந்த மறுநாள் தாங்குவது எது என்ற கேள்விக்கு இருவரிடமும் விடை இல்லை.

விளைவு விரைந்து வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வென்றவருள் பதுளைத் தொகுதியின் எஸ். எம். சுப்பையாவும் ஒருவர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்தையும் சான்றாகக் கேட்டது. 1949 ஆம் ஆண்டின் சட்டங்களில் ஒன்று, மணமானவருக்கு ஏழாண்டும் ஏனையோருக்குப் பத்தாண்டும் வதிவிடத் தகுதியென விதித்தது. மற்றொன்று பிரசைகளல்லாதார் வாக்குரிமையை நீக்கியது. 1952 தேர்தலில் அக்காங்கிரஸ் ஓர் ஆசனமும் பெறவில்லை. விண்ணப்பித்த ஏறக்குறைய 8,25,000 பேருள் பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. சிறுபான்மையோரைக் காக்குமென எண்ணப்பட்ட அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவும் கைகொடுக்கவில்லை. அச்சட்டங்கள் செல்லுமென 1953 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

முன்னர் எழுதப்படாத உடன்படிக்கை 1964 அக்டோபர் 30 இல் எழுதப்பட்டது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஊவாவிற் பிறந்து வளர்ந்தோர் பலர் தலைமன்னாரிற் கப்பலேறி, தாம் கண்டறியாத தாயகத்துக்குச் சென்றனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வேண்டியிருந்தன.

அங்ஙனமாயின் சுதந்திரத்தைத் தாமதித்திருத்தல் வேண்டுமா? அன்று. தாமதம் மற்றொரு நாட்டின் இசைவுக்கு நம் விடுதலையைப் பணயம் வைத்ததாகியிருக்கும். ஆனால் இறுதி இணக்கம் ஏற்படும்வரை இங்கு வாழ்வோரின் உரிமைகள் இருந்தவாறே நிலைக்கும் என ஓர் இடைக்கால விதி வகுத்திருக்கலாம். 2020 ஜனவரி 31 இல் ஒன்றியத்தை நீங்கிய பிரித்தானியா, அங்ஙனம் நீங்குமுன் இருபுறத்தும் வதிந்தோரின் உரிமைகளை உடன்படிக்கையில் எழுதிவைத்தது. உடன்பாடின்றிப் பிரியலாமா என வாதிடுவோர் வரவு செலவையும் துறைமுகங்களையும் முதலில் எண்ணுவர். எல்லையின் இருபுறத்தும் வேர்கொண்ட எளியோரை முதலில் எண்ணுதல் வேண்டும் என்பதே ஊவா மலைகள் புகட்டும் பாடமாகும்.