வழுக்குச்சரிவு வாதம்

ஒரு செயலோ சட்டமோ தன்னளவில் தீங்கற்றதாக இருப்பினும், அதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அதையொத்த பிறவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்க நேர்ந்து, முடிவில் எவரும் விரும்பாத நிலை வந்துசேரும். ஆகவே முதல் அடியையே எடுத்துவைக்கக் கூடாது என்று வாதிடும் முறை வழுக்குச்சரிவு வாதம் எனப்படும். முதல் அடி, அதிலிருந்து கீழிறக்கும் விசை, அஞ்சப்படும் முடிவு ஆகிய மூன்றும் இதன் உறுப்புகளாகும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழி இவ்வாதத்தின் சுருக்கமெனக் கொள்ளத்தக்கது. அளவையியல் பாடநூல்கள் பலவும் இதைப் போலிவாதங்களின் வரிசையில் வைக்க, அறவியலாரும் சட்ட அறிஞரும் கீழிறக்கும் விசை எது என்று காட்டப்படும் அளவுக்கு இதற்கு வலிமை உண்டு என்பர்.

தொன்மை

கிரேக்கத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெகாரா மரபினரான யூபுலிடிஸ் பெயரால் வழங்கும் குவியல் புதிர், அதாவது தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணியோடு அது குவியல் என்ற தன்மையை இழக்கிறது என்ற வினா, இவ்வாதத்தின் ஒரு வகைக்கு முன்னோடியாகும். இந்தியத் தருக்க நூல்களில், எதிரியின் கொள்கையை ஏற்றால் வேண்டாத முடிவு நேரும் எனக் காட்டும் முறையும், முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும் குற்றமாகிய அனவத்தையும் பேசப்படுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியபின் இக்கருத்துகள் தமிழ்வழிக் கல்விக்குள்ளும் வந்தன. எனினும் இவை கூற்றுகளுக்கு இடையிலான தொடர்பைப் பற்றியவை. காலப்போக்கில் சமூகம் எவ்வாறு நகரும் என்று முன்னுரைப்பவை அல்ல. எனவே இவற்றை இவ்வாதத்தின் மூலமெனக் கொள்வதா, உறவெனக் கொள்வதா என்பது கருத்துவேறுபாட்டுக்கு உரியது.

குடியேற்ற ஆட்சிக்காலம்

மணவுறவுக்கு இசையும் வயதைப் பெண்களுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தவர்கள், அன்னிய அரசு ஒரு வழக்கத்தில் கைவைத்தால் பிறகு சமயத்தின் எப்பகுதியும் தப்பாது என்றனர். 1929இல் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டமும், 1978இல் அதைப் பதினெட்டாக்கிய திருத்தமும் பின்தொடர்ந்தமையால் அம்முன்னுரை ஒருவகையில் பலித்தது எனலாம். ஆயினும் தீங்கெனக் கூறப்பட்ட முடிவைப் பிற்காலத்தார் நன்மையாகவே கருதினர்.

மொழிவழி மாநிலங்களும் வடக்கெல்லையும்

இவ்வாதம் இந்தியாவில் மிக விரிவாக எழுந்ததும், அதன் முன்னுரைகளை நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க இடமளிப்பதும் 1948 முதல் 1960 வரை நடந்த மொழிவழி மாநில விவாதத்திலாகும். காங்கிரஸ் 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டிலேயே தன் மாகாணக் கமிட்டிகளை மொழிவழியில் அமைக்க முடிவுசெய்திருந்தபோதிலும், நாட்டுப் பிரிவினைக்குப் பின் அதன் தலைவர்கள் தயங்கினர். அரசியல் நிர்ணய சபைத் தலைவர் 1948 ஜூனில் அமைத்த எஸ். கே. தார் ஆணையம், தேசிய உணர்வும் வட்டார உணர்வும் ஒன்றைத் தேய்த்தே மற்றொன்று வளரும் எனக் கருதியதோடு, எல்லையோரங்கள் இருமொழிப் பகுதிகளாக இருப்பதால் எங்குக் கோடு கிழித்தாலும் புதிய சிறுபான்மையினர் தோன்றுவர் என்றும் கூறி, மொழிவழிப் பிரிவினை அப்போது நாட்டு நலனுக்கு ஏற்றதன்று என்று அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை அளித்தது. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் குழு 1949இல் இதே அச்சத்தை வழிமொழிந்தபோதிலும், ஆந்திரர்கள் சென்னை நகரின்மீதான கோரிக்கையைக் கைவிட்டால் ஆந்திரத்திலிருந்து தொடங்கலாம் என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்தது.

அம்பேத்கரின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. மொழிவழி மாநிலம் தனித்தேசிய உணர்வாகவும், அது பின் தனிநாடாகவும் மாறும் தொலைவு குறுகியது என 1955இல் எழுதிய அவர், மாநிலத்தின் ஆட்சிமொழியும் நடுவண் அரசின் ஆட்சிமொழியும் ஒன்றாக இருந்தால் அவ்வபாயம் நேராது என்றும் கூறினார். சரிவை ஒப்புக்கொண்டு அதில் ஒரு தடுப்பையும் முன்மொழிந்தமையால், இவ்விவாதத்தின் பிற பேச்சுகளைவிட இது கட்டமைப்பில் முழுமையானது. அவர் கூறிய தடுப்பு ஏற்கப்படவில்லை என்பதும், அவர் அஞ்சிய முடிவு நேரவில்லை என்பதும் சேர்த்தே பார்க்கத்தக்கவை.

1952 அக்டோபரில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15இல் சென்னையில் உயிர்நீத்தபின், ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். இவ்வேளையில் தமிழர் தரப்பிலிருந்தும் ஒரு வழுக்குச்சரிவு வாதம் எழுந்தது. ஆந்திர மாநில அமைப்பை ஆராய்ந்த நீதிபதி வாஞ்சூவின் அறிக்கை, ஆந்திரத்தின் தலைநகர் சில ஆண்டுகளுக்குச் சென்னையில் தற்காலிகமாக இயங்கலாம் என்றது; தற்காலிகம் நாளடைவில் நிரந்தரமாகிவிடும் என்று முதல்வர் இராஜாஜியும், தமிழரசுக் கழகத்தின் ம. பொ. சிவஞானமும், சென்னை மேயர் செங்கல்வராயனும் வெவ்வேறு முறைகளில் எதிர்த்தனர். தலைநகர் கர்னூலுக்குச் சென்றது. ஆனால் ஆந்திரத்துக்கும் சென்னை உயர்நீதிமன்றமே 1954 வரை பொதுவாக இருந்து, குண்டூரில் தனி உயர்நீதிமன்றம் அமைந்ததும் அவ்வேற்பாடு சிக்கலின்றி முடிவுக்கு வந்தது. தற்காலிக ஏற்பாடு எல்லாம் நிலைத்துவிடும் என்ற பொதுவிதிக்கு இது எதிர்ச்சான்றாகும். எனினும் தலைநகரையும் நீதிமன்றத்தையும் ஒருநிலையில் வைத்துப் பார்க்கலாகுமா என்ற ஐயம் எஞ்சுகிறது.

1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தபோது, திருத்தணியும் ஆர்.கே.பேட்டை எனச் சுருக்கி வழங்கப்படும் இராமகிருஷ்ணராஜுப்பேட்டையை உள்ளிட்ட சுற்றுவட்டாரமும் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் அடங்கின. கார்வேட்டிநகர ஜமீனின் பகுதியாக இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்த இப்பகுதியில், தறியோசை கேட்கும் நெசவாளர் தெருக்களிலும் சந்தையிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வழங்கிவந்தன. எங்குக் கோடு கிழித்தாலும் சிறுபான்மையினர் தோன்றுவர் என்று தார் ஆணையம் கருதியது இத்தகைய ஊர்களைப் பற்றியே. எல்லையோர ஊர்களில் தமிழ் கற்பித்துவந்த மங்கலங்கிழார், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் ஆகியோரும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் திருப்பதியையும் கோரியது. எல்லையில் ஒரு வட்டத்தைத் திறந்தால் எல்லா வட்டங்களையும் திறக்க வேண்டிவரும் என்பது இத்தகைய கோரிக்கைகளுக்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் மறுப்பாகும். நடுவராக அமைந்த எச். வி. படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், அதன் பெரும்பான்மை மொழியைப் பார்த்தல், நிலத்தொடர்ச்சியைப் பேணுதல் என்ற அளவுகோல்களைக் கையாண்டார். அவற்றின் அடிப்படையில் 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

மக்கள்தொகைக் கணக்கில் பதிவான தாய்மொழி விவரம் இப்பகுதியின் நிலையை எவ்வளவு உண்மையாகக் காட்டியது என்பதில் இரு மாநிலத்து எழுத்தாளரும் இன்றுவரை உடன்படவில்லை. தமிழ்த்தரப்பு நிகழ்ச்சிகளை ம. பொ. சி. தம் தன்வரலாறான ‘எனது போராட்டம்’ நூலில் விரிவாகப் பதிந்திருப்பதால், தமிழில் இவ்வரலாறு பெரிதும் அவர் நோக்கிலேயே வழங்கிவருகிறது.

1956இன் மாநிலச் சீரமைப்பு, 1960இல் பம்பாய்ப் பிரிவினை, 1966இல் பஞ்சாபின் பிரிவினை, 2014இல் தெலங்கானா என ஒன்றையடுத்து ஒன்று வந்தமையால், ஒரு மாநிலம் அமைந்தால் பிறவும் பின்தொடரும் என்ற முன்னுரையின் முற்பகுதி மெய்யாயிற்று; நாடு சிதறும் என்ற பிற்பகுதி மெய்யாகவில்லை. பிரிவினைப் பேச்சுக்கு எதிரான 1963இன் 16ஆம் திருத்தம் அதைத் தடுத்ததா, மாநிலங்கள் அமைந்த மனநிறைவே தடுத்ததா என்பது வழக்கில் உள்ள வினா. ஒரே மொழி பேசுவோர் இரு மாநிலங்களாகப் பிரிந்ததால் அமைந்த தெலங்கானாவை இத்தொடரில் சேர்ப்பதும் எல்லார்க்கும் உடன்பாடன்று.

அரசியலமைப்பு வழக்குகள்

செருமானிய அறிஞர் டீட்ரிக் கொன்ராட் 1965இல் காசி இந்துப் பல்கலைக்கழக உரையொன்றில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பில்லையெனில் இந்தியாவைத் தமிழகம் என்றும் இந்துஸ்தானம் என்றும் இரண்டாக்கும் திருத்தமும் செல்லுமா என்று வினவினார். 1973 ஏப்ரல் 24இல் ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையில் அமைந்த கேசவானந்த பாரதி தீர்ப்பில் உருவான, அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தால் அழிக்க இயலாது என்னும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டில் அவ்வுரையின் செல்வாக்கு உண்டென்பர். அதன் அளவு குறித்துக் கருத்துகள் வேறுபடுகின்றன. நாடாளுமன்றம் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொள்ளலாம் என்று அவ்வழக்கில் கற்பனையாகக் கூறப்பட்டது. 1976இன் 42ஆம் திருத்தம் மக்களவையின் காலத்தை ஆறாண்டாக்கியதும் 44ஆம் திருத்தம் அதை மீண்டும் ஐந்தாக்கியதும் பின்னர் நிகழ்ந்தவை.

ஆய்வுகள்

எஃப். எம். கான்ஃபோர்டு 1908இல் எழுதிய அங்கத நூலொன்றில், இனிமேல் இன்னும் நியாயமாக நடக்க வேண்டிவருமோ என்ற அச்சத்தால் இன்று நியாயம் செய்ய மறுப்பதே இவ்வாதத்தின் உட்பொருள் என எள்ளியது இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பெர்னார்டு வில்லியம்ஸ், ஃபிரடெரிக் ஷாவர் ஆகியோரின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரைகளும், டக்ளஸ் வால்ட்டனின் 1992ஆம் ஆண்டு நூலும், யூஜின் வோலோக்கின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையும் இவ்வாதத்தின் வகைகளைப் பிரித்தாய்ந்தன.

அண்மைக்காலம்

செயலற்ற கருணைக்கொலையை உச்ச நீதிமன்றம் 2011இலும் 2018இலும் அனுமதித்தபோது, உறவினரும் மருத்துவரும் அதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்துக்குத் தடைக்குப் பதிலாக நடைமுறைக் கட்டுப்பாடுகளையே விடையாக்கியது. பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கான பத்து விழுக்காட்டு இடஒதுக்கீட்டை 2022இல் அந்நீதிமன்ற நீதிபதிகள் மூவர் ஏற்க, மாறுபட்ட இருவர் தீர்ப்பு ஐம்பது விழுக்காட்டு வரம்பை மீறுவது மேலும் மீறல்களுக்கு வழிதிறக்கும் என எச்சரித்தது. தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் முன்பே நடைமுறையில் இருந்தமையால், அச்சரிவின் முதல் அடி எது என்பதே வாதத்துக்கு உரியது.