47 கேசட்டும் ஒரு ஹெட்போனும்: நெடுநேரம் பாட்டு கேட்பதன் சின்ன வரலாறு

வழக்கமாகக் கல்வெட்டு, செப்பேடு, பழைய வரைபடம்னு எழுதுற இந்த இடத்தில் இன்றைக்கு ஹெட்போன் பற்றி ஒரு கட்டுரை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சிக்கல். சிக்கல் என்றதும் பலரும் சிங்காரவேலர் இருக்கும் நாகப்பட்டினத்துச் சிக்கலைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல். மிளகாய்க் காடும் கருவேல மரமும் கண்மாயும் உள்ள ஊர். தெற்கே கொஞ்ச தூரம் போனால் கடல். சென்ற வருடம் ஊருக்குப் போனபோது பரணில் இருந்து அப்பாவின் கேசட் பெட்டியை இறக்கினேன். 47 கேசட். எல்லாம் இலங்கை வானொலியில் வந்த பாட்டு, அறிவிப்பாளர் பேச்சு, விளம்பரம். நாடா பிசுபிசுத்துப் போவதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கேசட்டை அவசர அவசரமாக ஏற்ற முடியாது. 60 நிமிடக் கேசட் 60 நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும். எங்கே சத்தம் விழுகிறது, எங்கே பாட்டு மாறுகிறது என்று குறிப்பெடுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். பகலில் ஆபீஸ் வேலை, அதிலும் மீட்டிங்குக்காகப் பாதி நேரம் ஹெட்போன். இரவு வீடு தூங்கின பிறகு இந்த வேலை, அதற்கும் ஹெட்போன். பத்து நாளில் காது மடல் வலி, உச்சந்தலையில் ஒரு பள்ளம் விழுந்த உணர்வு. அதைவிட, படுத்த பிறகு வலது காதில் மெல்லிய 'கீ' என்ற ஒலி. டாக்டரிடம் போனேன். "எவ்வளவு நேரம் கேக்குறீங்க, எவ்வளவு சத்தமா கேக்குறீங்க?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதுக்கு இல்லை.

அங்கிருந்து ஆரம்பித்த தேடல் இது.

காதில் எதுவும் மாட்டாமல் கேட்ட ஊர்

முதலில் எனக்குத் தோன்றிய கேள்வி: அப்பா தலைமுறை நாள் முழுக்க ரேடியோ கேட்டார்கள், அவர்களுக்கு ஏன் காது வலிக்கவில்லை?

எங்கள் கரைக்கு இலங்கை வானொலி விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். சிக்கலில் இருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு 300 கிலோமீட்டருக்குள். இடையில் இருப்பதில் பெரும்பகுதி கடல். மத்திய அலை தரையை ஒட்டிப் போகும்போது வறண்ட மண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதன் மேல் அவ்வளவு தேயாது. அதனால் கொழும்பு எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி கேட்டது.

கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16. அதற்குப் பின்னால் இருந்தவர் தந்தி இலாகாவின் எட்வர்ட் ஹார்ப்பர். மவுண்ட்பேட்டனின் படைத் தலைமையகம் அங்கே வைத்திருந்த 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. வர்த்தக ஒலிபரப்பு 1950இல் ஆரம்பம். 1952இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைக்க, நேயர்கள் மொத்தமாகக் கொழும்பு பக்கம் சாய்ந்தார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் போகவில்லை. மயில்வாகனன், பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கூட வீட்டில் உறவுக்காரர் பெயர் மாதிரி புழங்கும்.

இதையெல்லாம் கேட்டது எப்படி? திண்ணையில் ஒரு ரேடியோ, டீக்கடையில் ஒரு ரேடியோ, பஞ்சாயத்து ரேடியோவின் குழாய். பாட்டு காற்றில் வரும், கூடவே ஆடு கத்துவதும் பஸ் ஹாரனும் வரும். ஆள் எழுந்து போவார், வருவார். காதை யாரும் மூடவில்லை. வலிக்காததற்குக் காரணம் இதுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தலையில் ஏறிய கதை

ஹெட்போன் பாட்டுக்காகப் பிறந்த பொருள் இல்லை. 1880களில் அமெரிக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள் தோளில் கிலோக் கணக்கில் சுமந்த கருவிதான் அதன் மூதாதை. பாரிஸில் 1890இல் 'தியேட்டரோஃபோன்' என்ற சேவையும், லண்டனில் 1895இல் 'எலெக்ட்ரோஃபோன்' என்ற சேவையும் வந்தன. சந்தா கட்டினால் நாடக அரங்கில் நடக்கும் இசையை டெலிபோன் கம்பி வழியாக வீட்டில் இருந்தபடியே கேட்கலாம். நெடுநேரம் இசை கேட்கக் காதில் கருவி வைத்த முதல் கூட்டம் இவர்கள்தான்.

இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கிட்டே வந்தது 1910இல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்து, கடற்படைக்கு அனுப்பினார். கடற்படைக்குத் தேவைப்பட்டது வசதி இல்லை. மிக மெல்லிய சமிக்ஞையையும் பிடிக்கிற கூர்மை. காதை அடைத்துக்கொள்ளும் வடிவம் அங்கிருந்து வருகிறது.

பிறகு ரேடியோ. ஆரம்பகால 'கிறிஸ்டல் செட்' ரேடியோவுக்கு பேட்டரியே வேண்டாம். கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லும் ஒரு மெல்லிய கம்பியும் போதும். அந்தக் கல்லை அலை உணர்த்தியாகப் பயன்படுத்தும் காப்புரிமை 1904இல் நம் ஜகதீஷ் சந்திர போஸுக்குக் கிடைத்தது. பெருக்கி இல்லாததால் ஸ்பீக்கரை அசைக்கிற சக்தி அந்தச் செட்டுக்குக் கிடையாது. ஹெட்போன் மட்டுமே வழி. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16 அன்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், ஜூலை 31இல் 40 வாட் பரப்பியோடு ஒலிபரப்பு ஆரம்பித்தது. 40 வாட் என்றால் வீட்டில் எரிகிற ஒரு பழைய குண்டு பல்பின் சக்தி!

அந்த அலை எங்கள் சீமைக்கு வந்து சேர வழியே இல்லை. கிளப் 1927இல் நின்றது. 1930இல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் ஆகாசவாணி வந்தது. கிராமத்துக்கு ரேடியோ எட்டியபோது அது ஸ்பீக்கரோடு, ஊர்ப் பொதுவாகத்தான் வந்தது. அதாவது எங்கள் ஊர் ஹெட்போன் காலத்தைத் தாண்டிக் குதித்துவிட்டது.

மூடியதும் திறந்ததும்

இசைக்காகவே ஸ்டீரியோ ஹெட்போனை 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த ஜான் கோஸ். உள்ளே இருந்தது இரண்டு குட்டி ஸ்பீக்கர். ஒலி அருமை, ஆனால் அதுவும் காதை மூடுகிற கனத்த கிண்ணம்தான்.

மூடினால் என்ன ஆகும்? நான்கு விஷயம். ஒன்று எடை: தலைப்பட்டை உட்காரும் சின்ன இடத்தில் மொத்தக் கனமும் இறங்கும். இரண்டு இறுக்கம்: வெளிச்சத்தம் புகாமல் இருக்க வேண்டுமென்றால் இரு பக்கமும் நெருக்கிப் பிடித்தே ஆக வேண்டும், கண்ணாடி போட்டவருக்கு அதன் கம்பி வேறு பொட்டில் அழுந்தும். மூன்று சூடு: உள்ளே அடைபட்ட காற்று வெப்பமாகி, வியர்த்து, காது நசநசக்கும். நான்காவது, கிண்ணத்துக்குள்ளேயே சுற்றுகிற ஒலி: பாட்டு தலைக்குள் கேட்பதுபோல் இருக்கும், நம் குரலே நமக்குக் குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்கும்.

1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாடலைக் கொண்டுவந்தது. கிண்ணத்தின் முதுகைத் திறந்துவிட்டார்கள். காதில் லேசாக உட்கார நுரைப்பஞ்சு. அடைக்க வேண்டியது இல்லை என்றானதும் இறுக்கம் குறைந்தது, எடை குறைந்தது, காற்று போய்வந்தது. ஒரு சிக்கலை விட்டுக்கொடுத்ததும் மூன்று சிக்கல் தீர்ந்தது.

1979 ஜூலை 1 அன்று சோனி வாக்மேன் வந்தது. அதோடு வந்த ஹெட்போன் சுமார் 50 கிராம்தான். அதுவும் நுரைப்பஞ்சு வைத்த திறந்த வகை. அந்த முதல் வாக்மேனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளை இருந்தது. 'ஹாட்லைன்' என்று ஒரு ஆரஞ்சு பொத்தான். அமுக்கினால் பாட்டு தணிந்து, பக்கத்தில் பேசுகிறவர் குரல் மைக் வழியாகக் காதில் கேட்கும். ஒருத்தர் தனியாகக் காதை மூடி உட்காருவது மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று சோனியின் அக்கியோ மொரிட்டாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போய்விட்டது.

கீழக்கரைப் பக்கம் சபுராளிகள் வளைகுடாவில் இருந்து கொண்டுவந்த வாக்மேனைத்தான் நான் முதலில் பார்த்தேன். எங்கள் சீமைக்கு ஹெட்போன் வந்த வழி அது.

அப்படியென்றால் மூடின வகை எதற்கு?

இரைச்சலுக்கு. அமர் போஸ் என்ற வங்காள வம்சாவளி அமெரிக்கப் பேராசிரியர் 1978இல் ஜூரிக்கில் இருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனார். என்ஜின் இரைச்சலில் ஹெட்போனில் பாட்டே கேட்கவில்லை. வெளி இரைச்சலை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989இல் விமானிகளுக்கு, 2000இல் பொதுமக்களுக்கு அந்த ஹெட்போன் வந்தது.

ரயிலிலும் பஸ்ஸிலும் திறந்த ஹெட்போன் மாட்டினால் நாம் செய்வது ஒன்றுதான்: சத்தத்தைக் கூட்டுவோம். அங்கேதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி. 90க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்று இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த மாதம் நான் வாரத்துக்கு 45 மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். டேபிள் ஃபேன் இரைச்சலைத் தாண்டிக் கேட்கச் சத்தத்தைக் கூட்டியும் வைத்திருந்தேன்.

ஆக, நான் கண்டுகொண்டது இதுதான். வசதியான ஹெட்போன் எது என்பது பொருளைப் பற்றிய கேள்வியே இல்லை. எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதுதான் கேள்வி. அமைதியான அறை என்றால் திறந்த வகை. இரைச்சலான இடம் என்றால் இரைச்சல் நீக்கும் மூடின வகை, அதுவும் குறைந்த நேரத்துக்கு.

கடைக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. எடை 250 கிராமைச் சுற்றி இருக்கட்டும். 400க்கு மேல் போனால் கழுத்து சொல்லும். மெத்தையின் குழிக்குள் காது மடல் முழுசாக உட்கார வேண்டும், மடலின் மேல் ஏறி உட்காரக் கூடாது. நம் ஊர் வெக்கைக்குத் தோல் மெத்தையைவிடத் துணி மெத்தை நல்லது. கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருபதாவது நிமிடத்தில்தான் உண்மை தெரியும். திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்குங்கள். பிறகு, மணிக்கு ஒரு தடவை கழற்றி வையுங்கள்.

நான் திறந்த வகை ஒன்று வாங்கினேன். ஃபேனைத் தூர நகர்த்தினேன். சத்தம் தானாகவே குறைந்தது. வலி போய்விட்டது. 'கீ' ஒலி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல் போனால் திரும்ப முளைக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் முதலில் என் பழைய மூடின ஹெட்போனைத்தான் கொடுத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். "கிணத்துக்குள்ள இறங்குன மாதிரி இருக்குய்யா. நீ கூப்பிட்டாக்கூடக் கேக்காது போல" என்றார். புதியதை மாட்டிவிட்டு 31ஆம் கேசட்டைப் போட்டேன். ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த பதிவு அது. பாட்டோடு வீட்டுச் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கும். பாதிப் பாட்டில் அப்பா சட்டென்று திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார். "யாரோ கூப்பிட்டாக" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டோம். பாட்டுக்குப் பின்னால், தூரத்தில், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற அப்பத்தாவின் குரல். அப்பத்தா இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் குரல் வேறு எந்தப் பதிவிலும் எங்களிடம் இல்லை.

இன்னும் 16 கேசட் பாக்கி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கேட்பதில்லை.