கொழுப்பின் இடம்

எதிர்த்துப் பேசும் பெண்ணை 'உனக்குக் கொழுப்பு' என்று வைவது நமக்குப் பழகிய ஒன்று. உடம்பில் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதற்காகவே ஒரு பெண்ணைக் காட்சிப்பொருளாக்கிய வரலாறும் உண்டு.

1810இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர் சாரா பார்ட்மன். கொய்கொய் இனத்துப் பெண். அவருடைய பருத்த பிட்டத்தைக் காட்டிக் காசு வசூலித்தார்கள். அவர் இனத்தாரை இழித்துச் சொல்லும் சொல்லோடு 'வீனஸ்' என்பதையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். விருப்பத்தோடுதான் இருக்கிறேன் என்று அவர் சொன்னதாகப் பதிவானது, வழக்கு நிற்கவில்லை. அந்நிய ஊரில், போக்கிடமில்லாத ஒருத்தியின் 'விருப்பம்' எத்தகையது என்பது நமக்குத் தெரியாததல்ல.

1814இல் பாரீஸுக்குக் கொண்டுபோனார்கள். 1815 கடைசியில் இறந்தார். ஜார்ஜ் குவியே என்ற புகழ்பெற்ற அறிவியலாளர் அவர் உடலை அச்செடுத்தார். பிறகு அறுத்து, மூளையையும் பிறப்புறுப்பையும் பதப்படுத்தி வைத்தார். குரங்கோடு ஒப்பிட்டு எழுதினார். சாராவின் எலும்புக்கூடு 1970கள் வரை அருங்காட்சியகத்தில் நின்றது.

குவியே தாழ்வின் அடையாளமாகக் கண்டதை இன்றைய மருத்துவம் வேறாகச் சொல்கிறது. கொழுப்பு எங்கே தங்கும் என்பதை மரபணுவும் ஹார்மோனும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் வயதில் அது பெண்ணுக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும் சேர்கிறது. பாலூட்டும் காலத்தில் உடல் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆணுக்குப் பெரும்பாலும் வயிற்றில் சேர்கிறது. 1947இல் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் இந்த வேறுபாட்டைக் குறித்து எழுதினார்: எவ்வளவு கொழுப்பு என்பது மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம், நீரிழிவோடும் ரத்தக்குழாய் நோயோடும் கூடுதல் தொடர்புடையது உடம்பின் மேற்பகுதிக் கொழுப்பே. 1980களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த நீண்டகால ஆய்வுகளுக்குப் பிறகே இது பரவலாக ஏற்கப்பட்டது.

அப்படியென்றால், சாராவின் பிட்டத்தைவிட ஆபத்தானது வேடிக்கை பார்க்க வந்த கனவான்களின் தொந்திதான். அதை யாரும் கட்டணம் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆணின் தொந்தி செல்வச் செழிப்பு. பெண்ணின் பிட்டம் இனத்தின் இழிவு. கொழுப்பு ஒன்றுதான், அதைப் பார்த்த கண் வேறு.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, நமக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. நாற்பதுகளில் இருக்கும் நான் ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கும்போது அதை உணர்கிறேன். இடுப்பை அளந்து சர்க்கரை நோயை முன்கூட்டியே கண்டுகொள்வது நம் நலனுக்கு. அதே அளவை வைத்துத் திருமணச் சந்தையில் மதிப்பெண் போடுவது யாருடைய நலனுக்கு? நாடா ஒன்றானாலும் அதைப் பிடித்திருக்கும் கை எது என்று கேட்கப் பழக வேண்டும்.

1994இல் நெல்சன் மண்டேலா சாராவின் உடலைத் திருப்பிக் கேட்டார். பிரான்ஸ் தனிச்சட்டம் இயற்றித் தர எட்டு ஆண்டுகள் ஆயின. 2002 ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்கப் பெண்கள் நாளன்று, சொந்த மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள். இறந்து 186 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த உடல் மண்ணுக்குள் போனது.