கடைசிப் பாடத்தில் ஐன்ஸ்டீன்

நம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தொகுதி. ஒளிமின் விளைவு, சார்பியல், அணுக்கரு, குறைகடத்தி எல்லாம் இரண்டாம் தொகுதியில். நான் 2008 பேட்ச். எங்கள் பள்ளியில் அங்கே வந்து சேர்வதற்குள் திருப்புதல் தேர்வு வந்துவிட்டது. "இதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோங்கப்பா" என்று வாத்தியார் சார்பியலை ஒரே பீரியடில் முடித்தார். அவர்மேல் குற்றமில்லை, நாள் இல்லை. மனப்பாடம் பண்ணினேன், மார்க்கும் வந்தது. பிறகு நம் கல்லூரியில் முதலாண்டு வகுப்பில், "யாருடைய கடிகாரம் மெதுவாக ஓடும்?" என்று பேராசிரியர் கேட்டார். திருதிருவென்று முழித்தேன்!

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1956-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்காரியாஸ் என்ற பேராசிரியர் பள்ளி இயற்பியலைத் திருத்த ஒரு குழு அமைத்தார். பி.எஸ்.எஸ்.சி. என்பார்கள். (சீசியம் அணுக்கடிகாரத்தை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர்.) ஸ்புட்னிக்கைப் பார்த்துப் பயந்துதான் இதைத் தொடங்கினார்கள் என்று பலர் சொல்கிறார்கள், தவறு. ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபர் 4-ல். அதன் பிறகு பணம் தாராளமாக வந்தது, அவ்வளவுதான். 1960-ல் புத்தகம் வெளிவந்தது. யந்திர விவரங்களைக் குறைத்து, அலைகளை இயக்கவியலுக்கு முன்னால் வைத்தார்கள். அலை புரியாமல் எலக்ட்ரானின் அலைத்தன்மை எப்படிப் புரியும்?

அவர்கள் எடுத்த படங்களில் ஒன்றை இன்றைய மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலையில் மியூவான்களை எண்ணினார்கள். மணிக்கு 560 சொச்சம். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்ட். அந்தக் கணக்குப்படி கடல்மட்டத்தில் 27 போலத்தான் மிஞ்ச வேண்டும். கீழே வந்து எண்ணினால் 400-க்கு மேல்! ஓடும் மியூவானின் கடிகாரம் நமக்கு மெதுவாகத் தெரிகிறது. வாய்பாடே வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். பேராசிரியர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது இந்தப் படத்தில்தான், அதுவும் வேலைக்குப் போன பிறகு.

நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது 1978-ல். 2019-ல் வந்த புதிய புத்தகம் அழகாகவே இருக்கிறது. அண்மைக்கால வளர்ச்சிகளுக்குத் தனிப்பாடமே உண்டு. ஆனால் அதுவும் கடைசிப் பாடம்! என் அக்கா மகனிடம் கேட்டேன். "அதெல்லாம் சும்மா படிச்சுட்டுப் போயிட்டோம் மாமா" என்றான். மடிக்கணினியில் அந்த மியூவான் படத்தைப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் செல்போனைத் தொடவில்லை.