ஒரே ஒரு போகம்

எங்கள் ஊராகிய போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். மேற்கே மலைச்சரிவில் விளைவதும் ஏலம். விளைந்ததை ஊருக்குள் கொண்டுவந்து விலை கூறுவதும் ஏலம். ஆகவே, 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஹாக்கி வீரர்களை ஏலம் விட்டார்கள் என்றும், சர்தார் சிங் 78,000 டாலருக்குப் போனார் என்றும் படித்தபோது, எங்களுக்கு அந்தச் சொல் அந்நியமாகப் படவில்லை. தரம் பார்த்து விலை வைப்பதைத்தான் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோமே!

ஆயினும், நாம் இங்கே எழுத முற்படுவது அந்த ஏலத்தைப் பற்றியன்று. அதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு முன் நடந்து, ஒரே பருவத்தோடு மடிந்துபோன வேறொரு தொடரைப் பற்றி. ‘வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி’ என்பது அதன் பெயர். வெற்றி பெற்றவற்றுக்கே வரலாறு எழுதிப் பழகிவிட்ட நாட்டில், ஒரே போகத்தில் பட்டுப்போனதை எவரும் நினைவுகூர்வதில்லை. நினைவுகூரத்தக்கது அதில் உண்டு என்பது நம் எண்ணம்.

கதை 2008-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச் மாதம் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் பிரிட்டனிடம் தோற்ற இந்திய ஹாக்கி அணி, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் தங்கம் வென்றதிலிருந்து அதுவரை நேராத இழிவு அது. (மதுரையிலிருந்து போடிக்கு முதல் ரயில் வந்ததும் அந்த 1928-இல்தான்.) அடுத்த மாதமே, வீரர் தேர்வில் கையூட்டு என்ற குற்றச்சாட்டு தொலைக்காட்சியில் வெடித்தது. இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. 2009-இல் ‘ஹாக்கி இந்தியா’ என்ற புதிய அமைப்பு பிறந்தது. பழைய கூட்டமைப்பு நீதிமன்றம் ஏறியது. ஒரு வீட்டுக்கு இரண்டு மூத்த பிள்ளைகள். கொத்துச்சாவி யாரிடம் என்பதே வழக்கு. பன்னாட்டுக் கூட்டமைப்பு ஹாக்கி இந்தியாவின் பக்கம் நின்றது.

அந்தக் குழப்பத்தில் முதலில் பலியானது 2005 முதல் நடந்துவந்த பிரீமியர் ஹாக்கி லீக். ‘சென்னை வீரன்ஸ்’ என்ற நம் அணியும் அதில் இருந்தது. 2008-ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. பிறகு பழைய கூட்டமைப்பு, நிம்பஸ் ஸ்போர்ட் என்ற நிறுவனத்துடன் கைகோத்து இந்தப் புதிய தொடரை அறிவித்தது. 2011 டிசம்பரில் தொடங்குவதாக இருந்து, தள்ளிப்போய், 2012 பிப்ரவரி 29 அன்று முதல் ஆட்டம் நடந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளில் தொடங்கியதை இன்று நினைத்தால், நாளே நிமித்தம் சொல்லியதோ என்று தோன்றுகிறது.

எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு சொந்த ஊரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாகப் பதினான்கு ஆட்டங்கள். அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 34 நாள்களில் 59 ஆட்டங்கள். முந்தைய லீக்கின் முதல் பருவம் முழுவதும் ஐதராபாத்திலேயே நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். ‘சென்னை சீட்டாஸ்’ அணிக்கு எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கமே சொந்தக் களம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியின் பிரென்ட் லிவர்மோர் அதன் தலைவர். ஐபிஎல் கிரிக்கெட்டில் 2008-க்குப் பின் பாகிஸ்தான் வீரர்களுக்கு இடமே இல்லாதிருந்த காலத்தில், இத்தொடரில் அவர்கள் நம்மவரோடு ஒரே சட்டையில் ஆடினார்கள் என்பதும் பதியத்தக்கது.

அந்த மார்ச் மாதத்தில் போடிக்கு ரயில் கிடையாது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் முடிவோடு மீட்டர்கேஜ் பாதையை மூடியிருந்தார்கள். சென்னை சென்று ஓர் ஆட்டமேனும் பார்க்க வேண்டுமென்று எங்கள் மாணவர் சிலர் பேசினர். தேர்வுக் காலமும் இரவுப் பேருந்துக் கட்டணமும் குறுக்கே நின்றன. தொலைக்காட்சியோடு நிறைவு கொண்டோம்.

தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று உண்டு. அந்த வீரர்கள் எதைப் பணயம் வைத்து ஆடினார்கள் என்பது. தொடர் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்புதான், பிப்ரவரி 26 அன்று, தில்லியில் பிரான்சை 8-1 என வென்று இந்தியா இலண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்தது. அங்கீகாரம் பெறாத தொடரில் ஆடுவோர்க்கு நாட்டு அணியின் கதவு அடைபடலாம் என்ற அச்சம் எங்கும் நிலவியது. சர்தார் சிங் போன்றோர் தேசிய அணியோடு நின்றனர். 2010 உலகக் கோப்பையில் இந்திய அணியின் தலைவராக இருந்த ராஜ்பால் சிங் இங்கே வந்தார். பிரப்ஜோத் சிங்கும் வந்தார். யார் செய்தது சரி என்று இன்று தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. ரயில்வே, காவல்துறை, வங்கி என்று எங்கோ வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் ஆடி வந்தவர்கள் அவர்கள். ஆட்டத்திற்கென்றே ஒருவர் ஊதியம் தருவதாகச் சொன்னால், முப்பதை எட்டிய வீரன் எத்தனை முறை மறுப்பான்?

ஏப்ரல் 2 அன்று மும்பை மகிந்திரா அரங்கில் பிரப்ஜோத் தலைமையிலான ஷேர்-ஏ-பஞ்சாப், புனே ஸ்டிரைக்கர்ஸ் அணியை 5-2 என வென்று கோப்பையைப் பெற்றது. சென்னை அணி இறுதிக்கு வரவில்லை. அடுத்த பருவம் அறிவிக்கப்பட்டது, தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் பேச்சே இல்லை. தொடர் தொடங்குமுன்பே, 2011 டிசம்பரில், கிரிக்கெட் வாரியம் பணம் செலுத்தவில்லை என்று கூறி நிம்பஸுடனான ஒளிபரப்பு ஒப்பந்தத்தை முறித்திருந்தது. கிரிக்கெட்டில் விழுந்த அடி ஹாக்கியின் முதுகிலும் வலித்தது. பேசிய ஊதியம் முழுதாக வரவில்லை என்று வீரர்கள் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்கள்.

விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்வரும் எங்கள் ஊர்க் கூலியாள்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. விளைச்சல் பொய்த்தால் தோட்டக்காரருக்கு நட்டம். ஆளுக்கோ அடுப்பே எரியாது. இன்னொன்றும் அவர்கள் சொல்வார்கள். ஏலச்செடி நட்ட ஆண்டே காய்க்காது. இரண்டு, மூன்று ஆண்டு நிழல் பார்த்து, நீர் பார்த்துக் காத்திருக்க வேண்டும். காய்ப்புக்கு வந்த பின்னும் ஒரே பறிப்பில் முடியாது. சுற்றுச் சுற்றாகப் பறிக்க வேண்டும். இந்தத் தொடரை நட்டவர்களிடம் காத்திருக்கும் முதல் இல்லை. எதிர்த்தவர்களிடம் காத்திருக்கவிடும் மனம் இல்லை.

இருப்பினும், அது விதையின்றிப் போகவில்லை. ஆட்டத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து ஆடுவது முந்தைய லீக்கிலும் இத்தொடரிலும் இருந்த முறை. பன்னாட்டுக் கூட்டமைப்பே 2014 செப்டம்பர் முதல் அவ்வழிக்கு வந்தது. நகரங்களின் பெயரால் அணிகள், பிறநாட்டு வீரர்கள் என்ற அமைப்பை, எதிர்த்த ஹாக்கி இந்தியாவே 2013 ஜனவரியில் தன் லீக்கில் கொண்டுவந்தது. இலண்டனிலோ இந்தியா ஆடிய அனைத்திலும் தோற்றுப் பன்னிரண்டாவதாக, கடைசியாக, நின்றது. இரு வீட்டுச் சண்டையின் விலை அது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

புதிய லீக்கில் 2017 வரை தமிழ்நாட்டு அணி இல்லை. 2024 டிசம்பரில் அது மீண்டும் தொடங்கியபோதுதான் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ வந்தது. முதல் பருவத்திலேயே அரையிறுதி வரை சென்றது. சீட்டாஸுக்கும் டிராகன்ஸுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். போடி ரயிலும் அவ்வளவு காலம் காத்திருந்தே 2023 ஜூன் 15 அன்று திரும்பி வந்தது. 2025-இன் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, எங்கள் மாணவர்கள் போடியிலேயே ரயிலேறி மதுரைக்குப் போய் ஆட்டம் பார்த்துத் திரும்பினார்கள்.

சங்கத் தொகை நூல்களில் ஒரே ஒரு பாடலால் நிற்கும் புலவர்கள் பலர் உண்டு. சிலருக்குச் சொந்தப் பெயர்கூட எஞ்சவில்லை; பாடலில் வந்த தொடரே பெயராயிற்று. தொகுத்தவர்கள் ‘ஒன்றுதானே’ என்று ஒதுக்கியிருந்தால் செம்புலப்பெயனீரார் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். தமிழக ஹாக்கியின் கணக்கை எழுதுவோர் 2012-இன் அந்த 34 நாளையும் ஒரு வரியாகவேனும் சேர்க்கட்டும். அதில் ஆடியவர்கள் கொடுத்த விலை, தில்லி ஏலத்தில் கூறிய விலையைவிடக் குறைந்ததன்று.