மேற்கே ஏறிய அரிசி

2020 மார்ச் மாதம். அலுவலகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியதும் பெங்களூரில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். மளிகைக் கடைக்கு ஓடி இரண்டு மூட்டை அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வாங்கி அடுக்கினேன். பிறகு தேவாரத்துக்குப் போன் போட்டு, "அரிசி இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"அரிசிக்கென்ன, கெடக்கு. மலைக்குப் போனவுக எப்பிடி எறங்குவாகன்னுதான் ஊரே பேசிக்கிட்டுக் கெடக்கு" என்றார் அம்மா.

மார்ச் 24 அன்று அந்தக் கவலை நிஜமாயிற்று. பக்கத்து ஊரான இராசிங்காபுரத்தைச் சேர்ந்தவர்கள் கேரளப் பகுதியின் ஏலத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வண்டிகள் நின்றுவிட்டதால் காட்டுப் பாதையில் நடந்தே இறங்கியபோது காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்களில் ஒரு பெண் குழந்தையும் உண்டு. என் வீட்டு மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்க்கவே அன்று கூச்சமாக இருந்தது. பஞ்சத்துக்குத் தயாராவது என்றால் சாமான் சேர்ப்பது என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரின் அனுபவம் வேறு.

தேவாரம் மலையடிவாரத்து ஊர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. அங்கே மழை, இங்கே மழை மறைவு. மலையில் ஏலம் விளையும், சோறு விளையாது. ஆகவே பல தலைமுறைகளாக ஆட்கள் மேலே போனார்கள். அவர்களோடு அரிசியும் போனது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் கம்பம் பள்ளத்தாக்கு நன்செய் ஆனது. மலையில் பெய்த மழை கீழே நெல்லாகி, அரிசியாகத் தலைச்சுமையிலும் கழுதை முதுகிலும் திரும்ப மலைக்கே ஏறியது என்றும் சொல்லலாம்.

இந்தச் சரிவின் பெரிய வாசல் போடி. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்துவிட்டது.

போர் வந்ததும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்கு வெளியூரை, முக்கியமாகப் பர்மாவை, நம்பியிருந்த நாடு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்தினார்கள். உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக மலைக்காடுகளில் பயிர் செய்ய அரசே இடம் கொடுத்தது. கீழ்நாட்டு மலையாளிகள் பெருமளவில் மலையேறிக் குடியமர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. அதே போர்க்காலத்தில் போடி ரயில் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில்தான் மறுபடி ரயில் ஓடியது. அரிசி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் பாதை இல்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்தக் கோட்டின் வலி எங்கள் வீடுகளுக்குள் வந்தது 1960களின் நடுவில். நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. 1964-இல் கேரளத்தில் ரேஷன் முறை வந்தது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி அரிசி மண்டலமாக்கப்பட்டது. உபரி உள்ள மாநிலத்தில் அரசு எளிதாகக் கொள்முதல் செய்து, பற்றாக்குறை உள்ள இடத்துக்குத் தானே அனுப்பலாம் என்பது கணக்கு. வியாபாரிகளின் பதுக்கலைப் பார்த்தால் அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அதில் என் அப்பத்தாவுக்கு இடமில்லை.

தாத்தா அப்போது ஏலத்தோட்டத்தில் கூலி. மலையில் எந்த ரேஷன் அட்டையிலும் அவர் பெயர் கிடையாது. அப்பத்தா பதினைந்து நாளைக்கு ஒரு முறை நாலு படி அரிசி, கொஞ்சம் மொச்சை, கருவாடு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, சும்மாடு வைத்து, விடியுமுன் சாக்குலூத்து மெட்டுப் பாதையில் ஏறுவார். ஒரு நாள் மேலே நின்றவர்கள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கருவாட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்களாம்.

சிறு வயதில் அவர் இதைச் சொல்லும்போது, "அப்ப நீ அரிசி கடத்துனியா அப்பத்தா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எம் புருசனுக்குச் சோறு கொண்டு போனேன்டா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தயாரிப்பில் இரண்டு பாகம் இருந்தது. ஒன்று வீட்டுக் குலுக்கை. மண்ணும் வைக்கோலும் குழைத்து வனைந்து ஆளுயரம் நிற்கும். மேலே கொட்டி, அடியிலுள்ள துளை வழியாக எடுக்க வேண்டும். பழையது முதலில் தீரும். மொச்சைக்குச் செம்மண் பூசிக் காய வைப்பார், வண்டு அண்டாது. இன்னொன்று மலையில். தாத்தா வேலை பார்த்த தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையாளக் குடும்பத்தோடு பழக்கம் பிடித்தார். இவர் வற்றலும் புளியும் கொடுப்பார், அவர்கள் தாத்தாவுக்குக் கப்பை கொடுப்பார்கள். பாதை அடைபட்டாலும் தாத்தா பட்டினி கிடக்கமாட்டார். எங்கள் துறையில் ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கும்படி கட்டுவோம். அப்பத்தாவுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

1977-இல் ஜனதா ஆட்சி மண்டலக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அரிசி மலையேறுவதில் குற்றம் இல்லாமல் போயிற்று. இன்று செய்தித்தாளில் வரும் 'அரிசி கடத்தல்' வேறு வகை. 2011 ஜூனிலிருந்து தமிழக ரேஷனில் அரிசி இலவசம். அதை வீடு வீடாக வாங்கிச் சேர்த்து மூட்டை மூட்டையாக எல்லை தாண்டி விற்கிறார்கள். இது வியாபாரம், ஏழையின் பங்கில் கை வைக்கும் திருட்டும்கூட. இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பதுதான் சங்கடம்.

போடிக்கு 2023 ஜூனில் அகல ரயில் வந்துவிட்டது. சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்ற தேவாரத்தின் கோரிக்கை மட்டும் பல தேர்தல்களைப் பார்த்துவிட்டு இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. காடு போய்விடும் என்ற பயமும் உண்மை. அதை அலட்சியமாகத் தள்ள என்னால் முடியாது. ஆனால் கண்ணெதிரே தெரியும் மலைக்கு ஆட்கள் இன்றும் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றித்தான் போகிறார்கள். அடுத்த முறை எல்லாம் அடைபடும்போது அவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள் என்று இன்றே கேட்டு வைப்பதும் பஞ்சத்துக்குத் தயாராவதில் சேர்த்திதான்.

குலுக்கை இப்போது மாட்டுக்கொட்டத்தில் விரிசல் விட்டு நிற்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது அடித்துளையில் கைவிட்டுப் பார்த்தேன். பழைய துணி ஒன்று இன்னும் அடைத்தபடி இருந்தது. எடுக்கவில்லை.