திட்டிக்கொண்டே பார்த்தவர்கள்

மெகா சீரியல் ஓடும் வீடுகளில் இரண்டு கேள்விகள் மாறி மாறிக் கேட்கும். "இதெல்லாம் ஒரு கதையா?" என்பது ஒன்று. "அப்புறம் எப்படி இது டிஆர்பியில முதல்ல நிக்குது?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் அன்றைய அத்தியாயத்தைக் கடைசி நிமிடம் வரை பார்த்து முடித்தவர். இரண்டாவது கேள்விக்கான விடை அவரிடமேதான் இருக்கிறது. பார்ப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை எடுப்பவர் எப்படித் தெரிந்துகொண்டார், எப்போதிலிருந்து தெரிந்துகொள்ளாமல் போனார் என்பது நாற்பது ஆண்டுக் கதை.

அது 1984 ஜூலை 7 அன்று தொடங்குகிறது. தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' முதல் அத்தியாயம் ஒளிபரப்பான நாள். குடும்பக் கட்டுப்பாடு, முதியோர் கல்வி போன்ற செய்திகளை நெடுந்தொடருக்குள் வைத்துச் சொல்லும் முறையை மெக்சிகோவில் மிகுவேல் சபிடோ என்பவர் ஏற்கெனவே செய்து காட்டியிருந்தார். அந்த முன்மாதிரியை வைத்து டெல்லியில் உருவான தொடர் இது. எழுத்து மனோகர் ஷியாம் ஜோஷி, விளம்பரம் மேகி நூடுல்ஸ். முதல் 13 அத்தியாயங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசம் தூக்கலாக இருந்தது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. உபதேசத்தைக் குறைத்தார்கள். அப்பா பசேசர் ராமின் குடியும், மூத்த மகள் படகியின் கல்யாணமும், சினிமாக் கனவோடு பம்பாய்க்குப் போகும் நடு மகளின் பாடுகளும் முன்னுக்கு வந்தன.

அந்தத் தொடர் 156 அத்தியாயங்கள், 17 மாதங்கள் ஓடியது. அந்த 17 மாதங்களில் வந்து குவிந்த கடிதங்கள் 4 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். அவரிடம் பேசுவதாக நினைத்தே பலர் எழுதினார்கள். பிற்பாடு அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கடிதங்களில் 500ஐ எடுத்து வாசித்தார்கள். வாயில்லாப் பூச்சியாக எல்லாவற்றையும் பொறுத்துப் போகும் அம்மா பாகவந்தியை, 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் படைத்திருந்தார்கள். பார்த்தவர்களில் கணிசமானோர் அவளையே உத்தமியாகக் கொண்டாடினார்கள். எழுதியவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் எடுத்துக்கொண்டது வேறு. அந்த இடைவெளி கடிதத்தில்தான் தெரிந்தது.

சென்னையிலும் அதே காலத்தில் கடிதத்துக்கு மதிப்பு இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர் எழுதிய கடிதங்களை நிலையத்தின் அதிகாரிகளே திரையில் அமர்ந்து படித்துப் பதில் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை நாடகத்தில் கதை இடித்தால் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடலாம். பெயரோடும் ஊரோடும் அது வாசிக்கப்படவும் கூடும். குறை உள்ள முறைதான். எழுதப் படிக்கத் தெரிந்தவர், நேரம் உள்ளவர், கோபமோ அன்போ மிகுந்தவர் மட்டுமே எழுதுவார்கள். ஆனால் கடிதத்தில் 'ஏன்' என்பது இருந்தது.

விளம்பரதாரருக்கு அந்த 'ஏன்' வேண்டியிருக்கவில்லை. பத்து விநாடிக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறவருக்கு 'எத்தனை பேர்' என்பதுதான் தெரிய வேண்டும். முதலில் தேர்ந்தெடுத்த வீடுகளில் டைரி கொடுத்து, யார் எதைப் பார்த்தார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். வார முடிவில் ஞாபகத்திலிருந்து நிரப்பப்பட்ட டைரிகள் எவ்வளவு உண்மை சொல்லும் என்ற சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. தொண்ணூறுகளின் பின்பாதியில் பீப்பிள் மீட்டர் வந்தது. டிவியோடு இணைந்த ஒரு சிறிய பெட்டி, அதற்குத் தனி ரிமோட். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பொத்தான். பாட்டி வந்து உட்கார்ந்தால் பாட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும், எழுந்து போனால் மறுபடி அழுத்த வேண்டும். டாம், இன்டாம் என்று இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பெட்டிகளை வைத்தன.

எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பது ரகசியம். 2001 செப்டம்பரில் மும்பையில் அந்த ரகசியம் உடைந்தது. பெட்டி வைத்த வீடுகளின் பட்டியல் வெளியே கசிந்த செய்தி தொலைக்காட்சித் தொழிலையே உலுக்கியது. விலாசம் தெரிந்தால் கதையை மாற்ற வேண்டியதில்லை, வீட்டுக்காரரைக் கவனித்தால் போதும் என்ற ஆபத்து அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை டிஆர்பி மோசடி வழக்கை அறிவித்தபோது, இருபது ஆண்டுக்கு முந்தைய கவலை மறுபடி தலைப்புச் செய்தியானது. செய்திச் சேனல்களுக்கான வாரக் கணக்கு 2022 மார்ச் வரை வெளிவரவே இல்லை.

தமிழில் இந்த எண்ணுக்குக் கூடுதல் வலு இருந்தது. காரணம் வியாபார முறை. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவியில் நெடுங்காலம் சீரியல் தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டி அரை மணி நேர ஸ்லாட்டை எடுத்துக்கொள்வார். அதில் கிடைக்கும் விளம்பர நிமிடங்களை அவரே விற்றுக் காசாக்க வேண்டும். டிஆர்பி ஏறினால் விளம்பர விலை ஏறும். இறங்கினால் நஷ்டம் நேரே தயாரிப்பாளர் தலையில். ராதிகாவின் ராடான் நிறுவனம் 1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி', திருமுருகனின் 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை 1,533 அத்தியாயங்கள் ஓடிய திருச்செல்வத்தின் 'கோலங்கள்' எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்தவை. நல்லபடி ஓடுகிற கதையை முடிக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. வாராவாரம் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொண்ட தொடர்களின் இடத்தில், வாரம் ஐந்து நாள், பின்பு ஆறு நாள் என்று நாள் தவறாமல் தீனி கேட்கும் தொடர்கள் வந்தது இப்படித்தான்.

பார்ப்பவரின் குரல் எண்ணையும் மீறிக் கதையைத் திருப்பிய பெரிய சம்பவம் இந்தியில் நடந்தது. 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'கியுன்கி சாஸ் பி கபி பஹூ தி' தொடரின் நாயகன் மிஹிர், அடுத்த ஆண்டு விபத்தில் செத்துப்போனான். நடித்த அமர் உபாத்யாய் சினிமாவுக்குப் போக விரும்பியதுதான் காரணம். நாட்டில் இழவு விழுந்த வீடுகள் போல எத்தனையோ வீடுகள் கலங்கின. தயாரிப்பாளர்களுக்கு அழைப்புகள் குவிந்தன. மிஹிர் உயிரோடு திரும்பினான். அதன்பின் அமர் நிரந்தரமாக விலகியபோது மிஹிர் சாகவில்லை. முகம் மட்டும் மாறியது.

இந்த ஒரு வெற்றி பல தலைமுறைக் கதாசிரியர்களுக்குப் பாடமாயிற்று. செத்தவர் வரலாம், வந்தவர் நினைவிழந்திருக்கலாம், நினைவு திரும்பியவருக்கு இன்னொரு மனைவி இருக்கலாம். கதை வறண்டால் 20 ஆண்டைத் தாண்டிக் குதித்து அடுத்த தலைமுறையின் கல்யாணத்தைத் தொடங்கலாம். தொடரின் ஆரம்பத்திலேயே பேரன்களைப் பார்த்துவிட்ட 'பா' என்ற முதியவள், அத்தனை பாய்ச்சலுக்குப் பிறகும் உயிரோடு இருந்தாள். அவளுக்கு இப்போது வயது என்ன என்று கணக்குப் போட்டவர்கள் யார்? தொடரை வெறுத்தவர்கள் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருஷத்தையும் நினைவில் வைத்திருந்த விசுவாசிகளுக்குத்தான் அது சாத்தியம்.

அமெரிக்காவும் இதற்கு விலக்கல்ல. 'டல்லாஸ்' தொடரில் 1985இல் இறந்த பாபி யூயிங், 1986 மே மாதம் குளியலறையில் உயிரோடு நின்றான். இடைப்பட்ட முழு சீசனும் அவன் மனைவி கண்ட கனவு என்று அறிவிக்கப்பட்டது.

தமிழ் சீரியல் நடிகரை மாற்றும் விஷயத்தில் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தது என்று சொல்ல வேண்டும். நடிகர் மாறினால் பிளாஸ்டிக் சர்ஜரிக் கதையைத் தேடாமல், திரையில் ஒரு அட்டை போடும் வழக்கம் இங்கே வேரூன்றியது. 'இவருக்குப் பதில் இவர்'. பழையவரின் படம், புதியவரின் படம், அவ்வளவுதான். அடுத்த காட்சியில் புதியவர் பழையவரின் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பார்ப்பவர் அதை ஏற்றுக்கொண்டார். முகம் மாறியதற்கு அவர் சண்டைக்கு வரவில்லை. குணம் காரணமில்லாமல் மாறினால்தான் வந்தார். நேற்று வரை புத்திசாலியாக இருந்த மருமகள் இன்றைக்கு வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், கதவுக்குப் பின்னால் நிற்கும் வில்லிக்கு எல்லா ரகசியமும் கேட்டு, எதிரே நிற்கும் கணவனுக்கு எதுவும் கேட்காமல் போனால், அவர் கோபப்படுகிறார். இது தேர்ந்த விமர்சகரின் அளவுகோல். அதை யாரும் கற்றுக்கொடுத்து அவர் கற்கவில்லை.

ஆனால் பெட்டியால் இந்தக் கோபத்தைப் பதிய முடியாது. ஒரு நிகழ்ச்சியின் புள்ளி என்பது, குறிப்பிட்ட மக்கள்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் சராசரியாக ஒவ்வொரு நிமிடமும் அதைப் பார்த்தார்கள் என்பதுதான். ரசித்துப் பார்த்தவர், தூங்கிக்கொண்டே பார்த்தவர், 'நாசமாப் போக' என்று வில்லியைச் சபித்துக்கொண்டே பார்த்தவர் எல்லாருக்கும் அதே ஒரு பொத்தான். நிமிடக் கணக்கு என்பதால் விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒருவர் கன்னத்தில் அறை விழ வேண்டும், அத்தியாய முடிவில் எல்லார் முகத்தையும் மூன்று முறை காட்டிக் காட்சி உறைய வேண்டும். வியாழக்கிழமை கணக்கு வந்ததும் எந்த டிராக் ஏறியது, எது இறங்கியது என்று பார்த்துக் கதை திரும்பும். கல்யாண வாரம் ஏறுகிறது என்றால் கல்யாணம் நடக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். இரண்டு தொடர்களின் குடும்பங்கள் ஒரே கோவிலில் சந்தித்துக்கொள்ளும் 'மகா சங்கமம்' பிறந்ததும் இந்தக் கணக்கின் வயிற்றில்தான்.

எல்லை தாண்டிய இடம் 2016. கலர்ஸ் சேனலில் 2011இல் நடன ஆசை கொண்ட ஒரு பெண்ணின் குடும்பக் கதையாகத் தொடங்கிய 'சசுரால் சிமர் கா' தொடரில், அந்த சிமர் ஈயாக மாறினாள். அதற்குச் சில மாதம் முன்பு, 2015 நவம்பரில், அதே சேனலில் 'நாகின்' தொடங்கிக் கணக்கில் உச்சிக்குப் போயிருந்தது. 2017 ஜனவரியில் சுந்தர் சி. எழுதித் தயாரித்த 'நந்தினி' அதே நாகக் கதையைத் தெற்குக்குக் கொண்டுவந்தது.

அமானுஷ்யம் என்பதற்காகத் தமிழ் ரசிகர் எதையும் தள்ளியதில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'வை இன்றும் நினைவுகூராதவர் இல்லை. கருப்பசாமியின் தண்டனை என்று ஊர் நம்பிய கொலைகளுக்கு உள்ளே ஆளுமைப் பிளவு நோய் இருந்தது என்று அந்தக் கதை முடிச்சை அவிழ்த்தது. வாரம் ஒருமுறை வந்த, முடிவை நோக்கி நடந்த தொடர் அது. பயமும் இருந்தது, காரணமும் இருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் இன்றைக்கு வெற்றுப் பத்திரக் கையெழுத்தைக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறவர்கள்.

2015இல் பார்க் (BARC) என்ற அமைப்பு பார்வையாளர் கணக்கெடுப்பை ஏற்றது. சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதித்து, பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும் முறை வந்தது. அதுவரை பெருமளவு நகரங்களையே எண்ணிய கணக்கில் அதே ஆண்டு அக்டோபரில் கிராமமும் சேர்ந்தது. நாட்டில் அதிகம் பேர் பார்க்கும் சேனல் என்ற இடத்தில் சன் டிவி பல வாரங்கள் நின்றது. 2020இல் இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. பெட்டி வைத்த வீடுகள் சுமார் 44,000. அதாவது ஒரு பெட்டி ஏறத்தாழ 4,800 வீடுகளுக்காகப் பேசியது. "எங்க தெருவுல ஒருத்தர் வீட்லயும் அந்தப் பெட்டி இல்லையே, யாரைக் கேட்டு நம்பர் போடறாங்க?" என்று கேட்பவர்களுக்கான பதில் இது: மாதிரி சரியாக எடுக்கப்பட்டால் அந்தச் சிறு எண்ணிக்கையே போதும், தெருவுக்கு ஒன்று தேவையில்லை. ஆனால் அவர்கள் கேள்விக்குள் இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. பெட்டி வைத்த வீட்டாரிடமும்கூட யாரும் கதையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அதே 2020இல் ஊரடங்கு. மார்ச் மாதம் படப்பிடிப்பு நின்றது. புதிய அத்தியாயங்கள் இல்லாத சேனல்கள் பழையதைத் தூசி தட்டின. சன் டிவியில் 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், மகளின் மாமியார் வீட்டுக் கொடுமை, சீர் வரிசைப் பேச்சு, சம்பந்தி மனஸ்தாபம். எல்லாருக்கும் முடிவு தெரிந்த கதை; ஈயும் இல்லை, பாம்பும் இல்லை. பதினைந்து ஆண்டு கழித்தும் வீடுகள் அதன் முன் உட்கார்ந்தன. நம்பக்கூடிய கதைக்கும் பெட்டி புள்ளி போடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். திட்டியவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது இதைத்தான்.

2022 பிப்ரவரியில் வந்த திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' அவர்கள் சொன்னதைச் செய்து காட்டியது. படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரன், விஷம் வைக்கவில்லை, ஆளை மாற்றவில்லை; வீட்டு நடுவில் நின்று அதட்டினான். அந்த அதட்டலை ஒவ்வொரு பார்வையாளரும் எங்கேயோ நேரில் கேட்டிருந்தார். ஜி. மாரிமுத்துவின் அந்தக் குரல் தொடரைக் கணக்கின் உச்சிக்குக் கொண்டுபோனது. பிறகு குடும்பச் சொத்தில் வீட்டு அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு பற்றிய கதை மாதக்கணக்கில் இழுத்தது; கொண்டாடியவர்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று, இந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி, மாரிமுத்து காலமானார். குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். தொடர் பழைய உயரத்துக்குத் திரும்பாமலே 2024 ஜூனில் முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று அதே குடும்பம் திரும்பி வந்தது, மருமகள் ஜனனி மட்டும் வேறு முகத்தோடு. முதல் பாகத்தில் 40 சதவீதத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள் இதையும் முதல் நாளிலிருந்தே பார்க்க உட்கார்ந்தார்கள், அதே கேள்விகளோடு.